பதினெட்டுச் சிரட்டை வயல்

1

இதை வாசிக்கிறவர்களில் என்னைத் தெரிந்தவர்கள் கட்டாயம் சிரிப்பார்கள். தாராளமாகச் சிரிக்கலாம். நான் சிரித்து முடித்துவிட்டேன், இனி உங்கள் முறை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் பாளையங்கோட்டையில் போர்டிங்கில் வளர்ந்து, அங்கேயே பயிற்சி முடித்த வாத்தியாரம்மா. அந்தப் பயிற்சியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. என் வீட்டுக்காரரைக் கேட்டால் "கொஞ்சம்" என்று சொல்லமாட்டார். அவருக்கு மலாய் நாட்டில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸர் வேலை. புண்ணுக்குக் கட்டுப் போடுவது முதல் காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பது வரை எல்லாம் அவர் கைதான். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி நாங்கள் இங்கே வந்து இந்த அட்வெந்தோடு ஏழு வருஷம் ஆகிறது.

தோட்டத்துக் கூலி ஜனங்களின் பிள்ளைகளுக்கு நான் ஞாயிற்றுக்கிழமை பாடம் நடத்துகிறேன். மொத்தம் பதினெட்டுப் பேர். எங்கள் ஜனம் பாதி, மற்றவர்கள் பாதி. பாடம் முடிந்ததும் ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுப்பதால் மத வித்தியாசம் இல்லாமல் வருகிறார்கள். அட்வெந்து என்கிற, கிறிஸ்மஸுக்கு முந்திய நான்கு ஞாயிறும் உலகம் உண்டான கதையைச் சொல்லித் தருவது என் வழக்கம். கர்த்தர் வருவதற்குக் காத்திருக்கும் நாட்களில், அவர் முதலில் என்ன செய்தார் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

இந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது லேசு இல்லை. மூன்றாம் நாளில் மரம் செடிகளைப் படைத்தார் என்றேன். "ரப்பர் மரத்தையுமா?" என்றான் ஒருவன். ஆமாம் என்பதற்குள் இன்னொருவன், "இல்ல, அதத் துரைதான் கப்பல்ல கொண்டுவந்து படைச்சாருன்னு எங்கப்பா சொன்னாரு" என்றான். ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார் என்றேன். "கங்காணி சும்மாவா விட்டாரு?" என்று கேட்டாள் ஒருத்தி.

2

இங்கே மாதத்தைக் காலண்டரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வெளியே எட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வருஷம் பூராவும் மழை, வருஷம் பூராவும் பச்சை, வரிசை பிசகாத ரப்பர் மரங்கள். நம் பக்கத்தில் அப்படியா? அட்வெந்து வந்தால் பிசானப் பருவ நடவு முடிந்து வயலெல்லாம் இளம்பச்சையாக இருக்கும். தாமிரவருணி செக்கச்செவேலென்று ஓடி அப்போதுதான் தெளியத் தொடங்கியிருக்கும்.

எங்கள் போர்டிங்கில் அட்வெந்து முதல் ஞாயிறு சாயங்காலம் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தேங்காய்ச் சிரட்டை கொடுப்பார்கள். அதில் மண் நிரப்பி, ஒரு பிடி நெல் தூவி, தினமும் தண்ணீர் தெளிப்போம். கிறிஸ்மஸ் அன்று காலையில் அந்தப் பச்சைச் சிரட்டைகளை ஏந்திக்கொண்டு வரிசையாகக் கோவிலுக்குள் போவோம். யாருடைய நாற்று உயரம் என்று வழியெல்லாம் சண்டை நடக்கும். வாசல் வந்ததும் எல்லாரும் பரிசுத்தவான்களாகிவிடுவோம்.

இதை இங்கே செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை வந்ததற்குக் காரணம் என் மகள் எஸ்தர். வயது பத்து. மூன்று வயதில் கப்பல் ஏறியவள். அவள் இப்போது "நம்ம ஊர்" என்று சொல்வதில்லை, "அம்மா ஊர்" என்கிறாள். மூன்று மாதத்துக்கு முன் ஒருநாள் ஜெபம் பண்ணும்போது, "தெரிமா காசி கர்த்தாவே" என்று தொடங்கினாள். மலாயில் அது நன்றி சொல்லும் வார்த்தை. கர்த்தருக்கு எல்லா பாஷையும் தெரியும் என்று வீட்டுக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. ஒருநாள் அவளே கேட்டாள்: "நீ சொல்லுற ஆறு, வயல் எல்லாம் நெசமாவே இருக்கா, இல்ல பாடத்துக்காகச் சொல்லுதியா?"

அன்றைக்கே அண்ணனுக்குக் கடிதம் எழுதினேன். "கிறிஸ்மஸுக்குப் பிள்ளைகளுக்காக நம் வயல் கார் நெல் இரண்டு படி அனுப்ப வேண்டும். மதினியிடம் சொல்லவும்." இந்த வரிகளை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு வார்த்தை குறைகிறது. எனக்கு அது தெரிய இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

3

நெல் வந்து துறைமுகத்தில் நின்றுவிட்டது. நானே ரயிலேறிப் போனேன். அங்கே சாமான் விடுகிற ஆபீசில் ஒரு யாழ்ப்பாணத்துக் கிராணி இருந்தார். குமாஸ்தாவை இங்கே கிராணி என்பார்கள். ஓலைப்பெட்டியைத் திறந்து ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்து, மூக்கருகே கொண்டு போனார்.

"அம்மா, இது சாப்பாட்டுச் சாமானெண்டு எழுதுறன். இண்டைக்கே கொண்டு போகலாம்."

"சாப்பாடு இல்லை, விதை" என்றேன்.

"விதையெண்டால் பூச்சி பார்க்கிற உத்தியோகத்தர் பார்க்க வேணும். பாரம் எழுத வேணும். கனநாள் செல்லும். சாப்பாடெண்டு விடுங்கோவன்."

"ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக் கொடுக்கிறவள் நான். பொய் எழுதச் சொல்லாதீர்கள்."

அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு பாரத்தை, அதாவது விண்ணப்பத் தாளை, எடுத்தார். அதை மூன்று பிரதி எழுதினேன். ஒன்றில் தோட்டத் துரை கையெழுத்து வேண்டும் என்றார்கள், வாங்கிக் கொடுத்தேன். பிறகு அந்தக் கையெழுத்து வேறு மையில் இருக்கிறது என்றார்கள். பன்னிரண்டு நாள் கழித்து ஓர் உத்தியோகஸ்தர் பூதக்கண்ணாடியால் என் நெல்லைப் பார்த்து, பூச்சி இல்லை என்று எழுதி, மேலே "விதை" என்று முத்திரை குத்திக் கொடுத்தார். சர்க்காரே சொல்லிவிட்டது. நான் வெற்றியோடு ரயிலேறினேன்.

ரயிலில் பெட்டியை மடியில் வைத்து மூடியைத் திறந்தேன். அந்த வாசனை! அடுப்படியும் வெயிலும் முற்றமும் சேர்ந்த வாசனை. ஏழு வருஷமாக என் மூக்குக்குக் கிடைக்காதது. எதிரே இருந்த சீனக் கிழவர் என்ன நினைத்தாரோ தெரியாது, நான் தேம்பித் தேம்பி அழுதேன். நெல்லுக்கு அந்த வாசனை எப்போது வரும் என்று மட்டும் என் மூளைக்கு உறைக்கவில்லை.

4

அட்வெந்து முதல் ஞாயிறு பதினெட்டுச் சிரட்டைகளில் நெல் தூவினோம். பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். ஒரு பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. அவள் பெயர் இசக்கி, வயது ஏழு. அவள் அம்மா பேச்சி மூன்று வாரமாகக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஆழ்வார்குறிச்சிப் பக்கத்துக்காரி. புருஷன் போன வருஷம் இறந்துவிட்டான். தாயும் மகளும்தான்.

இசக்கியின் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் நான் ஒரு வார்த்தை சொன்னேன். "கவலைப்படாதே. இந்த நெல் பச்சை விட்டதும் உன் அம்மா எழுந்து வந்து பார்ப்பாள்."

ஆறுதலுக்குச் சொன்னதுதான். பெரியவர்கள் அப்படி ஆயிரம் சொல்வோம். ஆனால் அந்தப் பிள்ளை அதை வாக்குத்தத்தமாக வாங்கிக்கொண்டது. மறுநாள் விடிந்ததும் கோவில் தாழ்வாரத்தில் சிரட்டை முன்னால் உட்கார்ந்திருந்தாள். அதற்கு அடுத்த நாளும். ஒரு சொட்டுத் தண்ணீர் கூடினாலோ குறைந்தாலோ அம்மாவுக்கு ஆகாது என்பது போல விரல் நுனியால் தெளித்தாள்.

நெல் முளைக்கவில்லை. மூன்று நாள் ஆயிற்று, ஐந்து நாள் ஆயிற்று, இரண்டாம் ஞாயிறும் வந்தது. பதினெட்டுச் சிரட்டையிலும் கறுத்த மண் அப்படியே இருந்தது. லேசாகப் புளித்த வாடை வேறு. உலகம் உண்டான கதையை ஒதுக்கிவிட்டு, நம்பிக்கையைப் பற்றி அன்றைக்குப் பாடம். நான் நடத்திய பாடங்களிலேயே மோசமானது அதுதான். பிள்ளைகள் என்னைப் பார்க்காமல் சிரட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் இசக்கி வந்து என் சேலையைப் பிடித்தாள்.

"வாத்தியாரம்மா, நெல்லு முளைக்கலேன்னா எங்கம்மா எந்திக்க மாட்டாளா?"

நான் சேலையை மெல்ல விடுவித்துக்கொண்டு வேகமாக நடந்தேன்.

வீட்டுக்காரரிடம் போய்ப் பேச்சிக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "காய்ச்ச விட்டுட்டு. மருந்து வேல செஞ்சுட்டு. ஆனா அவ சோறு தண்ணி தொட மாட்டேங்கா. செவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டு, எதுக்கு எந்திக்கணும்ங்கா. இப்படியே போனா நான் என்ன செய்ய?" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஆமா, நடவு நட்ட கைதான அவளுக்கு? ஒன் நெல்லு ஏன் முளைக்கலேன்னு அவட்டக் கேளேன்" என்றார்.

பயிற்சி பெற்ற வாத்தியாரம்மா ஒரு கூலிக்காரியிடம் போய் நெல் முளைக்கவில்லை என்று சொல்வதா? விதை முளைக்கும் விதத்தைக் கரும்பலகையில் வேர், தண்டு, பருப்பு என்று படம் போட்டு எத்தனை வருஷம் நடத்தியிருக்கிறேன்! அந்த வீம்பில் மூன்று நாள் போயிற்று. நான்காம் நாள் இசக்கி சிரட்டை முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டதைப் பார்த்தேன். போதும் என்று, பெட்டியிலிருந்து நாலு நெல்லைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

5

பேச்சி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். அவள் திரும்பவில்லை. கைக்குட்டையை அவிழ்த்து நெல்லை அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

விரல்கள் நெல்லை உருட்டின. பிறகு மெல்லத் திரும்பினாள். ஒரு நெல்லை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். பல்லில் வைத்து 'கடுக்' என்று கடித்து, உடைந்த அரிசியைக் கையில் துப்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ நெளிந்தது. எனக்குப் பயமாகிவிட்டது, வலிப்போ என்று.

சிரிப்பு!

"வாத்தியாரம்மா, இது அவிச்ச நெல்லுல்லா!"

"என்னது?"

"அவிச்சுக் காயப்போட்டது. அரிசி கண்ணாடி மாதிரி இருக்கு, பாருங்க. அவிச்ச நெல்ல வெதச்சுப்போட்டு, முளைக்கலேன்னு ஒங்க சாமியக் குத்தஞ் சொன்னா அவரு என்ன செய்வாரு, பாவம்!"

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், இருமினாள், மறுபடி சிரித்தாள். அடுத்த கட்டிலில் கிடந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வீட்டுக்காரர் ஓடிவந்து பார்த்துவிட்டு அப்படியே வாசலில் நின்றுவிட்டார். அந்த ஒரு மாதத்தில் அவர் அவள் பல்லைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

எனக்கு எல்லாம் ஒவ்வொன்றாக விளங்கியது. கடிதத்தில் "விதைக்க" என்ற ஒரு வார்த்தையை நான் எழுதவில்லை. பிள்ளைகள் சாப்பிடக் கேட்கிறேன் என்று மதினி நினைத்து, கடல் காற்றில் கெடாமல் இருக்க அவித்துக் காயவைத்து அனுப்பியிருக்கிறாள். ரயிலில் நான் அழுத வாசனை நெல் அவிக்கிற வாசனை. போர்டிங்கிலோ எங்களுக்கு முளை கட்டிய நெல்லைத்தான் கொடுத்தார்கள். அதை முளை கட்டினது யார், எப்படி என்று நாங்கள் கேட்டதே இல்லை. அந்தக் கிராணி ஐயாவை நினைத்தேன். "சாப்பாட்டுச் சாமான்" என்று உள்ளதைத்தான் எழுத வந்தார். நான்தான் பத்துக் கட்டளையைக் காட்டி அவரைப் பொய் எழுத வைத்தேன்.

பேச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாக்கி நெல்லு இருக்கா?"

"இரண்டு படியில் முக்கால்வாசி இருக்கிறது."

"ஆத்துப் பாசன நெல்லு. இதக் குத்திக் கஞ்சி வச்சா..." என்று நிறுத்தினாள். பிறகு பைய, "ஒரு வாய் தருவீங்களா?" என்றாள்.

நான் அப்போதே வீட்டுக்கு ஓடினேன். உரலில் நானே குத்தினேன். கையில் இரண்டு கொப்புளம். அவள் இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தாள். குடித்துவிட்டு, "பச்ச நெல்லு எங்கனயாவது கெடைக்குமா பாருங்க. நான் முளை கட்டித் தாரேன். நீங்க கட்ட வேண்டாம்" என்றாள். அந்தக் கடைசி வார்த்தை எனக்குத் தேவைதான்.

6

பச்சை நெல்லுக்கு மலாய்க்காரர்களின் ஊருக்குத்தான் போக வேண்டும். அதைக் கம்பம் என்பார்கள். ஓடையைத் தாண்டினால் அவர்கள் வயல். எஸ்தரைத் துணைக்குக் கூட்டிப் போனேன் என்று எழுத எனக்கு ஆசை. உண்மையில் அவள்தான் என்னைக் கூட்டிப் போனாள். அங்கே ஒரு அம்மாளிடம் கிளி போல மலாயில் பேசினாள். நான் பக்கத்தில் ஊமையாக நின்று தலையாட்டினேன். அந்த பாஷை அவள் ஜெபத்தில் வந்ததற்குத்தான் அன்றைக்கு அழுதிருந்தேன்.

அந்த அம்மாள் ஏதோ கேட்டாள். எஸ்தர் பதில் சொன்னதும் முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே போய் ஒரு கூடை விதைநெல் கொண்டுவந்தாள்.

"என்ன கேட்டாங்க?"

"எதுக்குன்னு கேட்டாங்க. எங்க ஊர்த் திருநாளுக்குன்னு சொன்னேன்."

"எந்த ஊர்?"

"இங்கதான். தோட்டம்" என்றாள், இது என்ன கேள்வி என்பது போல.

மனசில் சுருக்கென்றது. அதை மறைக்கமாட்டேன். ஆனால் கையில் விதைநெல் இருந்தது, அவள் வாங்கித் தந்தது. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். ஓடையைத் தாண்டும்போது, "தெரிமா காசி" என்றேன். எஸ்தர் ஓடைத் தண்ணீரிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

பேச்சி விதையைச் சாக்கில் கட்டி ஒரு நாள் ஊறவைத்தாள். தண்ணீரை வடித்து, வைக்கோலில் பொதிந்து, மேலே கல் வைத்தாள். இதற்காகக் கட்டிலை விட்டு இறங்கினாள், தாழ்வாரத்துக்கு நடந்தாள், வெயிலுக்கும் நிழலுக்கும் மூட்டையை மாற்றினாள். ஆஸ்பத்திரிச் சட்டப்படி இதெல்லாம் கூடாது. டிரெஸர் அந்த நேரமெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் சாக்கைப் பிரித்தபோது நெல்லெல்லாம் வெள்ளை மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

மூன்றாம் ஞாயிறு பிள்ளைகள் முன்னால் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். உயிர் கொடுக்கிறது கர்த்தர் வேலை, அதை அவித்துப் போட்டு முளை என்று சொன்னது உங்கள் வாத்தியாரம்மா வேலை என்றேன். அப்படி ஒரு சிரிப்பைத் தோட்டம் கேட்டிருக்காது. பழைய மண்ணைக் கொட்டிவிட்டுப் புதுசாக விதைத்தோம். இசக்கி மட்டும் ஒவ்வொரு முளையையும் தனித்தனியாகப் படுக்க வைத்தாள்.

7

கிறிஸ்மஸ் காலையில் பதினெட்டுச் சிரட்டையிலும் அரைச் சாண் உயரத்துக்குப் பச்சை. யாருடையது உயரம் என்று வழியெல்லாம் சண்டை போட்டார்கள். வாசல் வந்ததும் எல்லாரும் பரிசுத்தவான்களானார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. பாளையங்கோட்டையில் நான் பிடித்த சிரட்டை எதுவும் இவ்வளவு அழகாக இருந்ததாக ஞாபகம் இல்லை.

தபாலில் எங்கெங்கோ சுற்றிவிட்டு, முந்தின நாள்தான் மதினியின் கடிதம் வந்திருந்தது. "கடல் காத்துக்குத் தாங்கணும்னு ரெண்டு தடவை அவிச்சு, நல்லாக் காயவச்சிருக்கேன். பிள்ளைகள் வயிறாறச் சாப்பிடட்டும்." பதில் எழுத வேண்டும். இதையே அனுப்பிவிடலாம் என்றிருக்கிறேன்.

பேச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கோவிலின் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தாள். இசக்கி தன் சிரட்டையைக் கொண்டுபோய் அவள் மடியில் வைத்தாள். இசக்கியின் முகத்தில் மட்டும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது.

"எம்மா, நெல்லு முளைச்சாத்தான் நீ எந்திப்பேன்னு வாத்தியாரம்மா சொன்னாங்க. ஆனா நீ எந்திச்சுல்லா நெல்ல முளைக்க வச்சே? அப்போ நீ எப்படி எந்திச்சே?"

நான் திரும்பிக்கொண்டேன். நம்பிக்கையைப் பற்றி அரைமணி நேரத்துக்குத் தயார் பண்ணிய பாடம் என் கையில் இருந்தது. அதை நாலாக மடித்து வேதப்புத்தகத்துக்குள் செருகினேன்.

பேச்சி மகளின் தலையைத் தடவினாள்.

"அந்த அவிச்ச நெல்லத் தின்னுட்டு எந்திச்சேன்ட்டி. அது முளைக்கல. நான் முளைச்சேன்."